கடிதம் வந்தது, எழுதியது யார்?

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15ஆம் தேதி. சிங்கப்பூரில் மூலப்பொருள் வணிகம் செய்யும் நிறுவனம் ஒன்றுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வழக்கமாகச் சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் பெயரில் வந்த கடிதம் அது. தர வேண்டிய பணத்தைப் பழைய கணக்கில் போட வேண்டாம், கிழக்குத் திமோரில் உள்ள புதிய வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று அதில் எழுதியிருந்தது. நிறுவனமும் அப்படியே ஜூலை 19ஆம் தேதி 42.3 மில்லியன் அமெரிக்க டாலரை அனுப்பிவிட்டது.

நான்கு நாள் கழித்து உண்மையான விற்பனையாளர், “எங்கள் பணம் இன்னும் வரவில்லையே” என்று கேட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அந்த மின்னஞ்சல் முகவரியின் எழுத்து சற்றே மாறியிருந்தது. யாருடைய கண்ணும் அதைக் கவனிக்கவில்லை.

இதில் யாரும் பூட்டை உடைக்கவில்லை, துப்பாக்கி காட்டவில்லை. ஒரு கடிதம் வந்தது. அதை எழுதியவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நடந்தது அவ்வளவுதான். இந்த வகை மோசடிக்கு வர்த்தக மின்னஞ்சல் மோசடி என்று பெயர். இதைத் தடுப்பதற்கென்றே இன்று தகவல் தொழில்நுட்ப ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி தருகிறார்கள். அந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது, அதற்காகச் சிங்கப்பூர் கொடுத்த விலை என்ன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கணினித் துறையில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, கடை வைத்திருப்பவர்களுக்கும் அது பயன்படும்.

மார்க்கெட் ஸ்திரீட் பாடம்

“எழுதியது யார்?” என்ற கேள்வி கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஊரில் கேட்கப்பட்ட கேள்விதான். சிங்கப்பூர் ஆற்றங்கரைக்கு அருகே மார்க்கெட் ஸ்திரீட்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே சிறு வணிகர்களுக்கு அவர்கள் கடன் கொடுத்து வந்தார்கள். முதலாளி காரைக்குடிப் பக்கத்தில் இருப்பார். பணமோ சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ரங்கூனிலும் புரளும். நடுவில் இருந்தது கடிதமும் உண்டியல் சீட்டும்தான்.

அந்த அமைப்பில் ஆள்களுக்குப் படிநிலை இருந்தது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் கணக்கு எழுதப் பழகி அடுத்தாள் ஆவான். அனுபவம் முதிர்ந்தபின் மேலாளாகப் பொறுப்பேற்பான். மேலாள் ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணைக்கு வருவார். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். பையன் படித்தது கூட்டல் கழித்தல் மட்டுமல்ல. யாருடைய கையெழுத்து எப்படி இருக்கும், யார் எந்த நடையில் எழுதுவார், எந்தத் தொகைக்கு யாரைக் கேட்க வேண்டும் என்பதும் அந்தப் படிப்பில் அடக்கம். இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு பாதுகாப்புப் பயிற்சி.

1871ஆம் ஆண்டு சென்னையிலிருந்து பினாங்கு வழியாகக் கடலடித் தந்தி சிங்கப்பூரை எட்டியது. செய்தி வேகமாக வந்தது. ஆனால் கையெழுத்து காணாமல் போனது. தந்தித் தாளில் இருப்பது தந்தி அலுவலக ஊழியரின் எழுத்து, அனுப்பியவரின் எழுத்து அல்ல. வங்கிகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தன. தொகை, தேதி, நாணயம் ஆகியவற்றை ஓர் இரகசிய அட்டவணையோடு சேர்த்துக் கணக்கிட்டு, வரும் எண்ணைத் தந்தியின் உள்ளே வைத்து அனுப்பின. பெறும் வங்கியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். எண் பொருந்தினால் பணம் போகும், பொருந்தாவிட்டால் போகாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தொழில்நுட்பம் ஒரு படி முன்னேறும்போதெல்லாம், எழுதியவரை அடையாளம் காணும் பழைய வழி ஒன்று அழிந்துபோகிறது. புதிய வழி ஒன்றை உருவாக்கி, அதை ஆள்களுக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. கற்றுத்தருவதற்கு முன்பு வரும் இடைவெளியில்தான் திருடன் நுழைகிறான்.

பூட்டில்லாத அஞ்சல் பெட்டி

மின்னஞ்சல் அப்படிப்பட்ட இடைவெளியில் பிறந்த குழந்தை. அமெரிக்காவில் ரே டாம்லின்சன் 1971ஆம் ஆண்டு ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு முதல் மின்னஞ்சலை அனுப்பினார். அஞ்சல் எப்படிப் போக வேண்டும் என்ற விதிமுறையை ஜான் போஸ்டல் 1982ஆம் ஆண்டு எழுதி வெளியிட்டார். அப்போது அதைப் பயன்படுத்தியவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். ஆகையால் “அனுப்புநர்” என்ற இடத்தில் எழுதியிருப்பது உண்மைதானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அந்த விதிமுறையில் இல்லை. கடித உறையின் பின்பக்கம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? அது போலத்தான் இதுவும்.

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி இதன் விளைவை உலகம் பார்த்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதிவிட்ட ஒரு நிரல் தானாகவே கணினிக்குக் கணினி தாவியது. அது நுழைந்த வழிகளைப் பாருங்கள். அஞ்சல் அனுப்பும் மென்பொருளில் இருந்த ஓட்டை ஒன்று. எளிதில் ஊகிக்கக்கூடிய மறைச்சொற்கள் இன்னொன்று. ஒன்றையொன்று கண்மூடி நம்பிய கணினிகளின் கட்டமைப்பு மூன்றாவது. மின்னஞ்சல், கணக்கு, கட்டமைப்பு என இன்றும் பாதுகாப்புப் பயிற்சியின் பாடத்திட்டம் இந்த மூன்றில்தான் நிற்கிறது.

அன்றைய இணையத்தில் ஏறத்தாழ 6,000 கணினிகள் முடங்கியதாக மதிப்பிட்டார்கள். யாரைக் கூப்பிடுவது என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. அதே மாதத்தில் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவசர உதவிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதைப் பார்த்துப் பல நாடுகளும் இத்தகைய குழுக்களை அமைத்தன.

கட்டத் தெரிந்தவர்கள், காக்கத் தெரியாதவர்கள்

சிங்கப்பூரின் கணினிக் கதை 1981ஆம் ஆண்டு தேசியக் கணினிக் கழகம் தொடங்கப்பட்டதிலிருந்து வேகம் பிடித்தது. அப்போது நாடு முழுவதும் கணினி வல்லுநர்கள் ஏறத்தாழ 850 பேர்தான் இருந்தார்கள். அதே ஆண்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் துணையோடு கணினி முறைமைக் கல்விக்கான கழகம் உருவானது. அரசாங்க அலுவலகங்கள் கணினிமயமாயின. 1989ஆம் ஆண்டு முதல் தேதியில் ‘டிரேட்நெட்’ தொடங்கியது. துறைமுகத்திலும் சுங்கத்துறையிலும் நாள்கணக்கில் அலைந்து வாங்கிய அனுமதித் தாள்கள் கணினி வழியே கிடைக்கத் தொடங்கின.

1991ஆம் ஆண்டு ‘டெக்நெட்’ வழியாக ஆராய்ச்சியாளர்களுக்கு இணையம் கிடைத்தது. 1994ஆம் ஆண்டு ‘சிங்நெட்’ பொதுமக்களுக்கு அதைக் கொண்டுவந்தது. இந்த இடத்தில் தமிழர்கள் பெருமையோடு நினைக்க வேண்டிய ஒருவர் உண்டு. ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி, பேராசிரியர் டான் டின் வீயின் குழுவினரோடு சேர்ந்து 1995ஆம் ஆண்டு தமிழை இணையத்தில் ஏற்றினார். 1997ஆம் ஆண்டு மே மாதம் உலகின் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் சிங்கப்பூரில்தான். திரையில் தமிழ் எழுத்து தெரிந்ததே அன்று அதிசயம். அந்த எழுத்தை வைத்தே ஒருநாள் ஏமாற்றவும் முடியும் என்று அப்போது யார் நினைத்தார்?

ஆம், எழுத்தை வைத்து ஏமாற்றலாம். ‘கௌரி’ என்று ஔகாரக் குறியிட்டு எழுதுவது ஒன்று. ‘கெளரி’ என்று எகரக் குறியும் ளகரமும் சேர்த்து எழுதுவது இன்னொன்று. நம் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஆங்கிலத்திலும் அப்படித்தான். ‘ஆர்’, ‘என்’ என்ற இரண்டு சிற்றெழுத்துகளை ஒட்டி எழுதினால் ‘எம்’ போலத் தோன்றும். இப்படி ஒரு முகவரியைப் பதிவுசெய்துவிட்டால் போதும், கடிதம் உண்மையான நிறுவனத்திலிருந்து வந்ததுபோலவே இருக்கும்.

1993ஆம் ஆண்டிலேயே கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம் சிங்கப்பூரில் நிறைவேறியது. 1997ஆம் ஆண்டு அக்டோபரில் ‘சிங்செர்ட்’ என்ற அவசர உதவிக் குழு அமைந்தது. சட்டமும் வந்தது, தீயணைப்பு நிலையமும் வந்தது. ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு அடுப்பை அணைக்கக் கற்றுத்தருவது பின்தங்கியே இருந்தது. 1980களிலும் 90களிலும் தகவல் தொழில்நுட்பப் படிப்பு என்றால் நிரல் எழுதுவது, தரவுத்தளம் அமைப்பது, கட்டமைப்பை இணைப்பது என்றே பெரும்பாலும் பொருள். பாதுகாப்பு ஒரு தனி வேலை, அதை வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் நிலவியது.

2000ஆம் ஆண்டு மே மாதம் “நான் உன்னைக் காதலிக்கிறேன்” என்ற தலைப்போடு உலகமெங்கும் பரவிய மின்னஞ்சல் கிருமி அந்த எண்ணத்தை அசைத்தது. 2005ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் தனது முதல் தகவல்தொடர்புப் பாதுகாப்புப் பெருந்திட்டத்தை அறிவித்து, மூன்றாண்டுகளுக்கு 38 மில்லியன் வெள்ளி ஒதுக்கியது. 2008ஆம் ஆண்டு தகவல் பாதுகாப்பு வல்லுநர்களுக்கென்று ஒரு சங்கம் உருவானது. மருத்துவர், வழக்கறிஞர் போல இதுவும் தகுதியும் நெறியும் உள்ள ஒரு தொழில் என்ற கருத்து அப்போதுதான் வடிவம் பெற்றது. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி பிரதமர் அலுவலகத்தின் கீழ் இணையப் பாதுகாப்பு அமைப்பு தொடங்கப்பட்டது. மறு ஆண்டு, வேறு துறைகளில் அனுபவமுள்ள பொறியாளர்களையும் கணினி ஊழியர்களையும் வேலையில் இருந்தபடியே பாதுகாப்பு வல்லுநர்களாக மாற்றும் பயிற்சித் திட்டம் வந்தது.

இத்தனையும் செய்தபிறகுதான் அந்த அடி விழுந்தது.

15 லட்சம் பேரின் விவரங்கள்

2018ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி அரசாங்கம் அறிவித்த செய்தி சிங்கப்பூரை உலுக்கியது. சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி முதலிய விவரங்கள் திருடப்பட்டிருந்தன. அவர்களில் ஏறத்தாழ 1,60,000 பேருக்குக் கொடுத்த மருந்துகளின் விவரமும் போயிருந்தது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களைத் திருடர்கள் குறிவைத்துத் திரும்பத் திரும்பத் தேடியிருந்தார்கள்.

ஓய்வுபெற்ற நீதிபதி ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையில் நால்வர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. 2019ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி வெளியான அதன் அறிக்கை, கணினித் துறைக்கு வெளியே இருப்பவர்களும் படிக்க வேண்டிய ஒன்று.

திருடர்கள் 2017ஆம் ஆண்டு ஆகஸ்டிலேயே உள்ளே நுழைந்துவிட்டார்கள். ஊழியர் ஒருவரின் கணினி வழியாக, பெரும்பாலும் ஒரு தூண்டில் மின்னஞ்சல் மூலம், அது நடந்திருக்க வேண்டும் என்று குழு கருதியது. அந்தக் கணினியில் இருந்த மின்னஞ்சல் மென்பொருளில் போட வேண்டிய பாதுகாப்புத் திருத்தம் போடப்படவில்லை. பிறகு பல மாதங்கள் சத்தமில்லாமல் ஒவ்வோர் அறையாக நகர்ந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய நிர்வாகக் கணக்கு ஒன்றின் மறைச்சொல் என்ன தெரியுமா? ஆங்கிலத்தில் ‘பாஸ்வேர்ட்’ என்ற சொல்லேதான். இரண்டு எழுத்துக்குப் பதில் ஒரு குறியும் ஒரு சுழியமும் போட்டிருந்தது. நிர்வாகிகளுக்கு ஈரடுக்குச் சரிபார்ப்பு இருந்தது. ஆனால் அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழியும் திறந்தே இருந்தது. முன்பே நடந்த தணிக்கை ஒன்று சில ஓட்டைகளைக் காட்டியிருந்தும் அவை முறையாக அடைக்கப்படவில்லை.

மின்னஞ்சல், கணக்கு, கட்டமைப்பு. 1988ஆம் ஆண்டின் அதே மூன்று கதவுகள்.

இதைவிட வேதனையான பகுதி ஆள்களைப் பற்றியது. 2018 ஜூன் மாதத்திலேயே தரவுத்தளத்தில் நுழைய முயன்று தோற்ற அடையாளங்களை ஊழியர்கள் சிலர் பார்த்தார்கள். ஜூலை 4ஆம் தேதி, விந்தையான தேடல்கள் ஓடுவதைத் தரவுத்தளத்தைக் கவனிக்கும் ஊழியர் ஒருவர் கண்டுபிடித்து நிறுத்தினார். அவர் நிறுத்தியதால்தான் திருட்டு அன்றோடு நின்றது. ஆனால் பொறுப்பில் இருந்த சிலர் இது தாக்குதல்தான் என்று உறுதியாகாமல் மேலிடத்துக்குச் சொல்லத் தயங்கினார்கள். இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தகவல் போனது ஜூலை 10ஆம் தேதி.

விசாரணைக் குழுவின் முதல் முடிவே பயிற்சியைப் பற்றியதுதான். கணினிப் பிரிவு ஊழியர்களுக்குத் தாங்கள் பார்த்ததன் பொருளைப் புரிந்துகொண்டு தகுந்தபடி செயல்படப் போதிய விழிப்புணர்வும் பயிற்சியும் வளங்களும் இல்லை என்றது குழு. தாக்கியவர்கள் மிகத் தேர்ந்தவர்கள் என்பதையும் அது ஒப்புக்கொண்டது. ஆனாலும் அவர்களுடைய வெற்றி தவிர்க்க முடியாததல்ல என்றும் சொன்னது. ஊழியர்கள் திறமையற்றவர்கள் அல்லர். சிலர் கண்டார்கள், சிலர் விசாரித்தார்கள். கண்டதை யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்பது அவர்களுக்குப் பழக்கப்படவில்லை.

தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம், கணினிப் பணிகளைக் கவனித்த நிறுவனத்துக்கு 7,50,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளியும் அபராதம் விதித்தது. ஊழியர் இருவர் வேலை இழந்தார்கள். தலைமை நிர்வாகி உட்பட மேலதிகாரிகள் ஐவர் அபராதம் செலுத்தினார்கள். விழிப்போடு செயல்பட்ட மூவருக்குப் பாராட்டுக் கடிதம் கிடைத்தது. தண்டனையும் பாராட்டும் ஒரே பாடத்தைத்தான் சொன்னது. கருவி எச்சரிக்கும், எச்சரிக்கையை மதிப்பது மனிதன்.

இன்று என்ன கற்றுத்தருகிறார்கள்?

அறிக்கையின் 16 பரிந்துரைகளுக்குப் பிறகு பயிற்சியின் தன்மை மாறியது. மின்னஞ்சல் பாடத்தில் மூன்று பூட்டுகளை அமைக்கக் கற்றுத்தருகிறார்கள். எந்தச் சர்வர் நம் பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்று பட்டியலிடுவது ‘எஸ்பிஎஃப்’. அஞ்சலில் கள்ளம் செய்ய முடியாத முத்திரை குத்துவது ‘டிகிம்’. இவை பொருந்தாத அஞ்சலை என்ன செய்ய வேண்டும் என்று உலகுக்கு அறிவிப்பது ‘டிமார்க்’. பழைய வங்கித் தந்தியின் இரகசிய எண் நினைவுக்கு வருகிறதா? அதன் பேரப்பிள்ளைகள்தான் இவை. ஆனால் இந்த மூன்றும் நம் பெயரைத் திருடுவதைத்தான் தடுக்கும். நம் பெயரைப் போன்ற இன்னொரு பெயரைப் பதிவுசெய்து வருபவனைத் தடுக்காது. அதற்குக் கண் வேண்டும்.

கணக்குப் பாடத்தில் ஈரடுக்குச் சரிபார்ப்பு, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுவது, யாருக்கும் தேவைக்கு மேல் அதிகாரம் தராமல் இருப்பது ஆகியவை வருகின்றன. மேலாள் ஊர் திரும்பும்போது கணக்கையும் சாவியையும் ஒப்படைத்துவிட்டுப் போனதும் இதே முறைதான். கட்டமைப்புப் பாடத்தில் ஒரு பிரிவில் தீப்பிடித்தால் மறு பிரிவுக்குப் பரவாமல் பிரித்து வைப்பது, திருத்தங்களைத் தள்ளிப்போடாமல் போடுவது, பதிவேடுகளைத் தினமும் படிப்பது ஆகியவற்றைக் கற்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒத்திகை நடக்கிறது. “இப்போது இரவு இரண்டு மணி, இந்த எச்சரிக்கை வந்திருக்கிறது, யாரை எழுப்புவீர்கள்?” என்று கேட்டு, தயங்காமல் சொல்லும் பழக்கத்தை உண்டாக்குகிறார்கள்.

பயிற்சி பெறுபவர்களின் வட்டமும் விரிந்தது. 2018ஆம் ஆண்டிலேயே தேசிய சேவையாளர்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு இணையப் பாதுகாப்புப் பணி தரும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு, மாணவர் முதல் தலைமை அதிகாரி வரை மூன்றாண்டுகளில் குறைந்தது 20,000 பேரைச் சென்றடையும் நோக்கத்தோடு திறன்வளர்ப்பு முயற்சி தொடங்கியது.

தேக்காவின் கதை

பெரிய நிறுவனங்களுக்குத் தனிக் கணினிப் பிரிவு உண்டு. சிராங்கூன் சாலையிலும் கேம்பல் லேனிலும் பஃப்ளோ ரோட்டிலும் உள்ள சிறு கடைகளுக்கு? பல இடங்களில் முதலாளியின் அண்ணன் மகனோ, பள்ளி முடித்த பிள்ளையோதான் கணினிப் பிரிவு. சூரத்திலிருந்து சேலையும் திருப்பூரிலிருந்து பனியனும் வரவழைக்கும் கடைக்காரர் இன்று விலைப்பட்டியலையும் வங்கிக் கணக்கு எண்ணையும் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும்தான் பெறுகிறார். தீபாவளிக்கு முன் கடை நிறையக் கூட்டம் இருக்கும் நேரத்தில், “வங்கிக் கணக்கு மாறிவிட்டது, அவசரம்” என்று ஒரு செய்தி வந்தால் நின்று நிதானித்துப் பார்க்க யாருக்கு நேரம்? மோசடிக்காரனுக்கும் அது தெரியும். வெள்ளிக்கிழமை மாலையையும் பண்டிகைக் காலத்தையும் அவன் தேர்ந்தெடுப்பது தற்செயல் அல்ல.

இவர்களைப் போன்ற சிறு நிறுவனங்களை மனத்தில் வைத்துத்தான் 2022ஆம் ஆண்டு மார்ச்சில் இணையப் பாதுகாப்பு அமைப்பு ‘சைபர் எசென்ஷியல்ஸ்’ என்ற அடிப்படைச் சான்றிதழை அறிமுகம் செய்தது. கடையில் என்னென்ன கணினி இருக்கிறது, யாரிடம் எந்தக் கணக்கு இருக்கிறது, தரவுக்கு நகல் உண்டா, அசம்பாவிதம் நடந்தால் என்ன செய்வது என்ற எளிய கேள்விகளிலிருந்து அது தொடங்குகிறது. உணவுக் கடைக்குச் சுத்தச் சான்றிதழ் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

வங்கிகளும் அடிபட்டுத்தான் கற்றன. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பி 790 வாடிக்கையாளர்கள் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். உண்மையான வங்கிச் செய்திகள் வரும் அதே வரிசையில் போலியும் வந்து அமர்ந்ததுதான் அதன் கொடுமை. அதன்பிறகு வங்கிகள் தங்கள் குறுஞ்செய்திகளிலும் மின்னஞ்சல்களிலும் சொடுக்கும் இணைப்புகளை அகற்றின. நிறுவனங்கள் குறுஞ்செய்தி அனுப்பும் பெயரைப் பதிவுசெய்வதும் 2023ஆம் ஆண்டு கட்டாயமானது. வங்கி, பணத்தைத் திருப்பித் தரும் பெருந்தன்மை காட்டியது. எல்லா மோசடியிலும் அப்படிக் கிடைக்கும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

இப்போது குரலும் முகமும்கூட நம்பத்தக்கவை அல்ல. 2025ஆம் ஆண்டு மார்ச்சில் பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் சிங்கப்பூர் நிதி இயக்குநர், காணொளிக் கூட்டத்தில் தலைமை நிர்வாகியைக் கண்ணால் கண்டு, காதால் கேட்டு, 4,99,000 அமெரிக்க டாலரை அனுப்பினார். அவர் கண்டது செயற்கை நுண்ணறிவால் செய்த பொய்முகம். மேலும் 14 லட்சம் டாலர் கேட்டபோதுதான் சந்தேகம் வந்தது. ஹாங்காங் காவல்துறையின் உதவியோடு பணம் மீட்கப்பட்டது. கையெழுத்து போனது, தந்தி வந்தது. தந்தி போனது, மின்னஞ்சல் வந்தது. இன்று முகமும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது.

திரும்பி வந்த பணம்

கிழக்குத் திமோருக்குப் போன 42.3 மில்லியன் டாலர் என்ன ஆனது? ஏமாந்தது தெரிந்ததும், வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று அந்த நிறுவனம் மறைக்கவில்லை. ஜூலை 23ஆம் தேதியே காவல்துறையிடம் போனது. சிங்கப்பூர்க் காவல்துறை இன்டர்போலின் அவசரப் பணமுடக்க ஏற்பாட்டின் வழியாகக் கிழக்குத் திமோர் அதிகாரிகளைத் தொடர்புகொண்டது. ஜூலை 25ஆம் தேதி 39 மில்லியன் டாலர் அந்தப் போலிக் கணக்கில் பிடித்து வைக்கப்பட்டது. பின்னர் எழுவர் கைதாயினர். மேலும் 2 மில்லியன் டாலருக்கு மேல் மீட்கப்பட்டது.

முதல் நான்கு நாள் இழப்பைத் தந்தது. அடுத்த இரண்டு நாள் அதை மீட்டது. சிங்ஹெல்த்தில் ஆறு நாள் தயக்கம். இங்கே அன்றே புகார். இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு எந்தக் கருவியாலும் வந்ததல்ல. கண்டதை உடனே சொல்லும் பழக்கத்தால் வந்தது. அதனால்தான் பயிற்சியில் முதலில் சொல்ல வேண்டியது, “தவறு நடந்தால் சொல்; சொன்னதற்காக உன்னைத் திட்ட மாட்டோம்” என்ற உறுதிமொழி. அந்த உறுதிமொழியை ஊழியருக்குத் தர வேண்டியவர் கணினி ஆசிரியர் அல்ல, முதலாளி.

கடை வைத்திருப்பவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வங்கிக் கணக்கு மாறியதாக யார் எழுதினாலும், அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, தங்கள் பழைய குறிப்பேட்டில் உள்ள எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் 1799 என்ற எண் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கிறது. பணம் போய்விட்டால் முதலில் வங்கியை அழைக்க வேண்டும், உடனே காவல்துறையையும் அழைக்க வேண்டும். கடையில் வேலை செய்யும் புதிய பையனுக்கும் இதை முதல் நாளிலேயே சொல்லித்தர வேண்டும். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் பெட்டியடிப் பையன் இப்படித்தான் பழகினான். பெட்டியைத் திறப்பதற்கு முன், கடிதம் யாருடையது என்று பார்க்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.